தங்கேஸ்வரியின் மேற்கு வாசல்

கூடாரத்தை விரிக்க ஆயிரம் பேர் வருவார்கள். மடிக்கத்தான் ஆள் இருக்காது. இந்த உண்மையின் தயவில் தங்கேஸ்வரிக்குப் பதினொரு வருடமாக வேலை ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்காபரோவில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வேண்டிய சாமான் விற்கிற பெரிய கடை ஒன்று. அதன் பின்பக்கத்தில், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவருவதைப் பொறுப்பெடுக்கும் மேசை அவருடையது. இலையுதிர் காலம் வந்தால் அதிகம் திரும்பி வருவது 'பிளைண்ட்'. தரையில் இருந்தபடி மானுக்குக் காத்திருப்பவர் ஒளிந்துகொள்ளும் சின்னக் கூடாரம் அது. வெளியே இலையும் கிளையும் அச்சடித்த துணி. உள்ளே மை பூசியதுபோலக் கறுப்பு. சுற்றிவரச் சின்னச் சின்ன ஜன்னல்கள். பையிலிருந்து எடுத்து எறிந்தால் உருக்குக் கம்பி உதறிக்கொண்டு தானாக விரிந்துவிடும். பிறகு பைக்குள் போகவே போகாது. வாங்கிய மனிதர் காலால் மிதிப்பார், முழங்காலால் அமத்துவார், மனைவியைக் கூப்பிட்டுப் பேசுவார். கடைசியில் பாதி மடிந்ததை, உயிரோடு பிடித்த முதலையைப்போலக் காருக்குள் திணித்துக் கொண்டுவந்து, பழுதான சாமானை விற்றுவிட்டீர்கள் என்று சண்டை பிடிப்பார்.

தங்கேஸ்வரி மேசையைச் சுற்றி வருவார். இரண்டு மூலையைச் சேர்த்துப் பிடிப்பார், மற்ற மூலையைக் காலடியில் வைப்பார், மணிக்கட்டை உள்ளே ஒரு முறுக்கு. கூடாரம் மூன்று வட்டமாகச் சுருண்டு அப்பளம்போலக் கையில் இருக்கும். பன்னிரண்டு விநாடி.

"அவ்வளவுதான்," என்பார். சண்டை பிடித்தவர் வாயை மூடிக்கொண்டு கூடாரத்தோடு வீட்டுக்குப் போவார்.

ஐம்பத்தினாலு வயது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து தொண்ணூற்றேழில் வந்தவர். ஆஸ்பத்திரித் துவாய் மடித்திருக்கிறார், தொழிற்சாலையில் சான்ட்விச் அடுக்கியிருக்கிறார். இப்போது டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கணவர் வீரக்குட்டியோடும் மகள் கோபிகாவோடும் இருக்கிறார். இந்தக் கடைக்கு வந்த புதிதில் வேட்டை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் திரும்பி வரும் பெட்டிக்குள் கையேடு இருக்கும். வாங்கியவர் அதைப் பிரித்திருக்கவே மாட்டார். தங்கேஸ்வரி சாப்பாட்டு நேரத்தில் பிரித்தார். மானுக்குச் சிவப்புத் தெரியாது, நீலம் பளிச்சென்று தெரியும் என்று வாசித்தார். பளபளப்பூட்டும் சவர்க்காரத் தூளில் தோய்த்த உருமறைப்பு உடை மானின் கண்ணுக்கு விளக்குப்போல மின்னும் என்று வாசித்தார். ஆளைக் காட்டிக்கொடுப்பதில் முதலாவது காற்று, இரண்டாவது அசைவு, மூன்றாவது வெளிச்சம் என்று வாசித்தார். பதினொரு வருடத்தில் அந்தக் கடையில் அவரைவிட அதிகம் வாசித்தவர் யாரும் இல்லை.

முன்பக்கத்து வேட்டைப் பிரிவில் விற்பனைக்கு நிற்க இரண்டுதரம் விண்ணப்பித்தார். முதல்தரம், "வேட்டை தெரிந்த ஆளோடுதான் ஆட்கள் கதைக்க விரும்புவார்கள்," என்றார்கள். நியாயம்தானே என்று வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, தொண்ணூற்றிநாலு புள்ளி எடுத்து, வேட்டை அனுமதி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினார். இரண்டாம்தரம், உச்சரிப்பு ஒரு பிரச்சினை என்றார்கள். அதற்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை. வைத்தால் பாஸ் பண்ணிவிடுவோம் என்ற பயம். அன்றைக்குத் தங்கேஸ்வரிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் சிலர் அழுவார்கள், சிலர் கத்துவார்கள். அவர் ஒரு கிறொஸ்போ வாங்கினார். துவக்கின் பிடியும் விசையும் வைத்த வில், அம்பை எறியும்.

"துவக்கெண்டா தொடமாட்டன். அந்தச் சத்தம் கேட்ட அளவு போதும்," என்று வீரக்குட்டியிடம் சொன்னார். "இது ஒரு 'டக்'. அவ்வளவுதான்."

"எனக்கு அந்த 'டக்'கும் வேணாம்," என்றார் வீரக்குட்டி. "நீ சுட்டுக்கொண்டு வா. நான் சமைக்கிறன்."

பலகையில் வைத்த இலக்கில் ஒரு வருடம் பழகினார். கை பழகியது, கண் பழகியது. ஒரு குறைதான்: இடம் இல்லை. ரொறன்ரோவைச் சுற்றி மான் நடமாடும் காணியெல்லாம் ஆருக்கோ சொந்தம். சொந்தக்காரர் ஒரு கடதாசியில் பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் நிரந்தரமாக உள்ளே போய்வரலாம். தமிழ்ப் பெண் ஒருத்தி தன்னந்தனியாகப் பண்ணைக் கதவைத் தட்டி, உங்கள் வயலில் மானுக்கு அம்பெய்யலாமா என்று கேட்டால் எந்த வீட்டில் கதவு திறக்கும்? நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தார். இரண்டு வீட்டில் நாய்தான் திறந்தது.

அப்படியிருக்க, போன செப்ரெம்பரில் அருள்நாயகமும் றொய்சனும் ஒரு கூடாரத்தைக் கட்டிப்பிடித்தபடி அவருடைய மேசைக்கு வந்தார்கள்.

அருள்நாயகம் வீடு விற்பவர். விட்பியில் புதுசாக எழும்பும் தெருக்களில் பாதித் தமிழரைக் குடியேற்றியவர் தானே என்று சொல்லிக்கொள்வார். அறுபது வயது, கோயில் சபையில் உபதலைவர். றொய்சன் நாற்பது வயதுக் கார் மெக்கானிக். யாரையும் பகிடி பண்ணாமல் ஒரு மணித்தியாலம் இருந்தால் அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

"அக்கா, உது பழுது," என்றான் றொய்சன். "கம்பி எங்கட சொல்லுக் கேக்குதில்லை."

"ரான்ஸ்மிஷனைக் கழட்டிப் பூட்டுறவன்," என்றார் அருள்நாயகம். "உதை மடிக்கத் தெரியேல்லையாம்."

"நீங்கள்தானே அண்ணை அதுக்கு மேல ஏறி இருந்தனியள்?"

தங்கேஸ்வரி வந்தார், பிடித்தார், முறுக்கினார். பன்னிரண்டு விநாடி. இரண்டு பேரும் மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"அக்கா எந்த இடம்?" என்று கேட்டான் றொய்சன்.

"மட்டக்களப்பு."

"ஆ! அப்ப சரி. மந்திரம் ஓதி ஆளைப் பாயோட ஒட்டவைக்கிற ஊர் ஆக்களுக்குக் கூடாரத்தை மடிக்கத் தெரியாதோ? அக்கா, நீங்கள் எங்களோட வேட்டைக்கு வந்தால் நல்லம்."

"எப்ப?"

"என்ன எப்ப?"

"எப்ப போறீங்க? என்னட்ட லைசென்ஸ் இரிக்கு. படுற மானில கட்டுற அரசாங்க ராக் இரிக்கு. கிறொஸ்போ இரிக்கு. காணிதான் இல்ல."

பகிடிக்குக் கூப்பிட்டவன் அருள்நாயகத்தைத் திரும்பிப் பார்த்தான். அருள்நாயகத்தின் முகம் சுருங்கியது. ஆனால் மடிந்த கூடாரம் மேசையில் கிடந்தது. வீட்டில் மடியாத கூடாரம் இன்னும் இரண்டு கிடந்தன. ஆல்பேட்டாவுக்குப் போன ஒருவரால் குழுவில் ஓர் இடமும் காலியாக இருந்தது.

"சரி தங்கச்சி," என்றார் கடைசியில். "வந்து பாரும். ஆனா இப்போதைக்குக் காணிக்காரியிட்ட வாயால சொல்லிவைக்கிறன், கடதாசியில பேர் போடுறது பிறகு. மூண்டு ஞாயிறு பாப்பம். எங்களுக்கு ராசி வேலை செய்யுதோ எண்டும் பாக்கவேணும்."

புரட்டாதிச் சனி விரதம் இருப்பதால் அருள்நாயகம் சனிக்கிழமை உயிர் கொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கொல்லலாம் என்று சனீஸ்வரனோடு ஓர் உடன்பாடு.

முதல் ஞாயிறு. விட்பி தாண்டி வடக்கே, டொறத்தி என்ற கிழவியின் சோயா வயல். மூன்று பேரும் தலை முதல் கால்வரை உருமறைப்பு உடை. புறப்படும்போது கோபிகா கட்டிலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்து, "அம்மா, யூ லுக் லைக் அ புஷ்," என்றாள். "இட்ஸ் கைண்டா க்யூட்."

வயலோரத்தில் அருள்நாயகம் கூடாரம் போட்ட விதத்தைத் தங்கேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் போனில் திசை பார்த்தார். பிறகு ஜன்னலும் வாசலும் கிழக்குப் பார்க்கக் கூடாரத்தைத் திருப்பினார். ஓர் எலுமிச்சம்பழத்தை வாசலில் வைத்து சப்பாத்தால் நசித்தார். ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்திக் கூடாரத்தைச் சுற்றிக் காட்டினார்.

"கிழக்கு வாசல்தான் அண்ணைக்கு," என்று றொய்சன் காதுக்குள் சொன்னான். "வீடெண்டாலும் சரி, பிளைண்ட் எண்டாலும் சரி."

"மேற்கு வாசல் வீட்டை நான் காட்டவும் மாட்டன்," என்றார் அருள்நாயகம். "இதுவும் நாங்கள் குடியிருக்கிற இடம்தானே."

புது ஆள் பக்கத்தில் இருந்து பழகட்டும் என்று தங்கேஸ்வரிக்கு அவருடைய கூடாரத்துக்குள் ஒரு கதிரை கிடைத்தது. வில்லைக் காரில் வைக்கச் சொன்னார்கள். மடியில் தேத்தண்ணிப் போத்தலைத் தந்தார்கள். அன்று ஒரு முயல்கூட வரவில்லை. போகும்போது இரண்டு கூடாரத்தையும் தங்கேஸ்வரி மடித்தார்.

இரண்டாம் ஞாயிறு மான் வந்தது.

பொழுது கிளம்பி அரை மணித்தியாலம் இருக்கும். வேலியோரமாக ஒரு பெண் மான், நாற்பது மீற்றரில், தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டு வந்தது. அருள்நாயகம் மெல்ல வில்லை உயர்த்தினார். தங்கேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பிப் பார்த்தவர், அப்படியே பார்த்தபடி இருந்துவிட்டார்.

கிழக்கு வாசலால் காலை வெயில் நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. கறுப்புத் துணிக்கு நடுவில் அருள்நாயகம் கலியாண வீடியோவில் மாப்பிள்ளை இருப்பதுபோல வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தார். சட்டை இலை, தொப்பி இலை, கையுறைகூட இலை. நெற்றியில் மூன்று கோடு விபூதி, ரியூப் லைற்போல எரிந்தது.

மான் தலையை நிமிர்த்தியது. மூக்கைத் தூக்கிக் கற்பூர வாசத்தை ஒருதரம் இழுத்தது. முன்காலால் நிலத்தை இரண்டுதரம் அடித்தது. பெரிதாக ஒரு சீறல். பிறகு வெள்ளை வால் கொடிபோல உயர்ந்து, வயலைத் தாண்டி மறைந்தது.

"நான் அப்பவே நினைச்சன்," என்றார் அருள்நாயகம் வெளியே வந்து. "ஆக்கள் சும்மாவே சொல்லுறவை? பொம்பிளை வந்த வேட்டை வாய்க்காது. துடக்கு, தீட்டு எண்டு பெரியாக்கள் காரணத்தோடதான் வைச்சவை."

தீட்டு என்பது மனிதன் கண்டுபிடித்த ஆயுதங்களில் ஆக மலிவானது. அதற்கு லைசென்ஸ் வேண்டாம், குறி தப்பாது, பிடி எப்போதும் ஒரே கூட்டத்தின் கையில் இருக்கும். கிணற்றடியில் சிலரையும் கோயில் வாசலில் சிலரையும் காலம்காலமாக நிறுத்திவைத்த சொல், கடல் கடந்து, குளிர் கடந்து, கனடாக்காரக் கிழவியின் சோயா வயலுக்கும் வந்து சேர்ந்திருந்தது. எங்கள் சனம் வரும்போது எதை விட்டாலும் இதை விடவில்லை.

தங்கேஸ்வரி தேத்தண்ணிப் போத்தலை நிலத்தில் வைத்தார்.

"அண்ணை, எனக்கு அம்பத்தினாலு வயசு. நீங்க பயப்புடுற சாமான் நாலு வருசத்துக்கு முன்னமே நிண்டுட்டு. மறுகா என்ன காரணம் சொல்லப்போறீங்க?"

றொய்சன் அடுத்த கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். சத்தம் வராமல் சிரிக்க முயன்றது வீணாகிப்போனது.

"இதென்ன கதை!" என்றார் அருள்நாயகம்.

"நீங்கதான் தொடங்கினீங்க. சரி, ஒண்டு கேக்கிறன். இந்தக் காணிக்கு வந்த நாலு வருசத்தில உங்களுக்கு எத்தினை மான் பட்டிரிக்கு?"

"ஒண்டு," என்று அங்கிருந்து றொய்சன் கத்தினான். "அதுவும் எனக்கு."

"காலமையா, பின்னேரமா?"

"பின்னேரம்."

"பின்னேரம் வெயில் எந்தப் பக்கம் இரிக்கும்? உங்கட முதுகுக்குப் பின்னால. அப்ப நீங்க இருட்டுக்குள்ள இருந்தீங்க, மான் உங்களைக் காணல்ல. காலமை கிழக்கு வாசலில இருந்தா வெயில் உங்கட முகத்தில. அண்ணை, வெள்ளை வால் மான் எண்டு ஏன் பேர் தெரியுமா? பயம் வந்தா வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டும். மத்த மானுக்கு ஓடு எண்டு அர்த்தம். நீங்க அந்த 'ஓடு'வை நெத்தியில எழுதிக்கொண்டு வந்து குந்தியிரிக்கீங்க."

இப்போது றொய்சன் மறைவதைக் கைவிட்டு நடு வயலில் குந்தி இருந்து சிரித்தான். அருள்நாயகத்துக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவர் வியாபாரி. பேச்சில் தோற்றால் பேரத்துக்கு வருவார்.

"இன்னும் ஒரு நாள் இருக்குது தங்கச்சி," என்றார். "உம்மட கூடாரத்தை உம்மட திசையில போடும். மான் பட்டால் கடதாசியில உம்மட பேர் ஏறும். படாட்டில், குறை நினைக்காதையும், நாங்கள் பழைய மாதிரியே போறம்."

"போகமுதல் கூடாரத்தை மடிச்சுக் குடுத்திட்டுப் போகவேணும் அக்கா," என்றான் றொய்சன்.

"நீ வாயைப் பொத்து," என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அதுதான் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

அடுத்த ஞாயிறு றொய்சனின் மச்சாளுடைய கலியாணம், வேட்டை இல்லை. ஆக இரண்டு கிழமை கையில் இருந்தது. அடுத்த நாளே, திங்கட்கிழமை லீவில், தங்கேஸ்வரி வீரக்குட்டியைக் கூட்டிக்கொண்டு டொறத்தியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

டொறத்திக்கு எழுபத்தெட்டு வயது. நாலு வருடமாக அந்த ஆண்கள் வருகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், கார்த்திகைக்கு ஒரு பெட்டி இனிப்புத் தருகிறார்கள், போகிறார்கள். மான் எந்தப் பக்கத்தால் போகிறது என்று ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. தங்கேஸ்வரி கேட்டார். டொறத்தி அடுப்படி ஜன்னலைக் காட்டினார். முப்பது வருடமாகக் காலையில் கோப்பை கழுவும்போது அந்த ஜன்னலால்தான் மானைப் பார்க்கிறாராம். இரவெல்லாம் சோயாவைத் தின்றுவிட்டு, விடிய வேலியோரமாக வரும்; உடைந்த கம்பிக்கிடையால் மேற்கே திரும்பி, சிடார் காட்டுக்குள் படுக்கப் போகும். அதோ, அந்த இடம்.

"உந்த மனிசி ஒரு ராடார்," என்றார் வீரக்குட்டி.

உடைந்த வேலிக்குக் கிழக்கே இருபது மீற்றரில் தங்கேஸ்வரி தன் கூடாரத்தைப் போட்டார். வாசல் ஜன்னல் மேற்கே. அந்தப் பக்கத்தில் காற்றும் பெரும்பாலும் மேற்கேயிருந்துதான் வரும்; மானின் வாசம் அவருக்கு வரும், அவருடைய வாசம் மானுக்குப் போகாது. காலை வெயில் கூடாரத்தின் முதுகில் விழும். பின்பக்க ஜன்னல்களை இழுத்துப் பூட்டினார், வெளிச்சத்தில் ஆளின் நிழல் தெரியாமல். பிறகு காய்ந்த செடிகளையும் சிடார் கிளைகளையும் வெட்டிச் சுற்றிவரச் செருகினார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

"களவு போனா?" என்று கேட்டார் வீரக்குட்டி.

"மடிக்கத் தெரியாதவன் களவெடுக்க மாட்டான். இது இங்கயே கிடக்கட்டும். ரெண்டு கிழமையில மானுக்கு இது பழைய செடிப் பத்தையாப் போயிரும்."

அந்த இரண்டு கிழமையும் வீரக்குட்டி கஷ்டப்பட்டார். வேட்டை உடுப்பை வாசமும் பளபளப்பும் தராத சோடாமாவில் தோய்த்து பல்கணியில் காயப்போட்ட பிறகு, அந்தப் பக்கம் மிளகாய் வறுக்கத் தடை, மீன் பொரிக்கத் தடை. உடுப்பு இரண்டு வகை. நடந்து போக இலைச் சட்டை. கூடாரத்துக்குள் இருக்கக் கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, கறுப்பு முகவலை. கறுப்புச் சுவருக்கு முன்னால் இலைச் சட்டை ஆளை மறைக்காது என்று எந்தக் கையேட்டிலும் இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு, இன்னும் விடியவில்லை. அருள்நாயகமும் றொய்சனும் தங்கள் கிழக்கு வாசல்களுக்குப் போனார்கள். தங்கேஸ்வரி தனியாக நடந்தார். உள்ளே போய்க் கதிரையில் இருந்து வில்லை முக்காலியில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கையளவு எருக்கலம் பஞ்சு போன்ற காட்டுப் பஞ்சை ஊதிவிட்டார். அது மெல்ல மிதந்து அவருடைய முகத்துக்கே திரும்பி வந்தது. மேற்குக் காற்று. சிரித்துக்கொண்டார்.

விடிந்தது. முதலில் ஒரு பெண் மான், பின்னால் இரண்டு குட்டி. உடைந்த வேலியடியில் நின்று தாய் நேரே கூடாரத்தைப் பார்த்தது. நேரே அவருடைய கண்ணையே பார்ப்பதுபோல இருந்தது. மானோ வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது, ஒரு காதை ஆட்டியது, பத்தைதானே என்று முடிவு செய்தது. குட்டிகள் ஜன்னலிலிருந்து பன்னிரண்டு மீற்றரில் ஒன்றையொன்று முட்டி விளையாடின. அவர் வில்லைத் தொடவில்லை. தன் ராக் பெண் மானுக்கு உரியதல்ல என்பது ஒரு காரணம். அந்தக் கணத்தில் அதுகூட ஞாபகத்தில் இல்லை என்பதுதான் உண்மை. ஒரு காட்டு உயிர் தன்னைக் காணாமல் தனக்கு முன்னால் வாழ்வதைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமா? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவை போயின.

கால்மணி கழித்து ஆண் மான் வந்தது. ஆறு கிளைக் கொம்பு. தாய் போன தடத்தை மோந்துகொண்டு வந்து, உடைந்த வேலிக்கு முன்னால் பக்கவாட்டில் நின்றது. பதினெட்டு மீற்றர். தங்கேஸ்வரி வில்லைத் தோளில் அணைத்தார். முன்னங்காலுக்குப் பின்னால், கீழ் மூன்றிலொரு பங்கு. மூச்சைப் பாதி விட்டார்.

'டக்.'

மான் துள்ளியது, காட்டை நோக்கிப் பாய்ந்தது, மறைந்தது. பிறகு உள்ளே எங்கேயோ கிளை முறிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

உடனே ஓடக்கூடாது, அரை மணித்தியாலம் பொறுக்கவேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். அவருக்கு வாழ்க்கையில் ஆக நீண்ட அரை மணித்தியாலம் அது. கோபிகா பிறந்த நாளைக்கூடக் கணக்கில் சேர்த்துத்தான். வாட்ஸப் குழுவில் எழுதினார்: "பட்டுட்டு."

அருள்நாயகம்: "என்ன பட்டது? குளிரோ?"

றொய்சன்: "அக்கா உண்மையாவோ???"

மூன்று பேரும் சேர்ந்து தடம் பார்த்தார்கள். காய்ந்த இலைகளில் சிவப்பு, இன்னும் கொஞ்சம் தள்ளிச் சிவப்பு. அறுபது எட்டு நடந்ததும், சிடார் மரத்தடியில், கால்களை மடித்துக்கொண்டு கிடந்தது. அம்பு அதை நோக விட்டிருக்கவில்லை. தங்கேஸ்வரி பக்கத்தில் குந்தி அதன் விலாவில் கையை வைத்தார். இன்னும் சூடு இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எழும்பி, ராக்கில் நாளுக்கும் நேரத்துக்கும் குறி வெட்டிக் கொம்பில் கட்டினார்.

றொய்சன் அவரைத் தூக்கிச் சுற்றாத குறை. "அக்கா! ஆறு கொம்பு! எங்கட காணியில! என்ர கடவுளே!"

அருள்நாயகம் மானைப் பார்த்தார். தங்கேஸ்வரியைப் பார்த்தார். திரும்ப மானைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும் தங்கச்சி," என்றார் மெதுவாக. அரைவாசி பகிடி, அரைவாசி நிசம். "என்ன ஓதினனீர்?"

"ஓதத் தெரிஞ்சிருந்தா முதல்ல உங்கட வாயைத்தான் கட்டியிருப்பன் அண்ணை."

அருள்நாயகத்தின் வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தார், முடியவில்லை. சிடார் மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார்.

சிரித்து முடிந்ததும் தங்கேஸ்வரியின் கூடாரத்துக்குப் போனார். குனிந்து உள்ளே நுழைந்து அவருடைய கதிரையில் இருந்தார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

"என்ன அண்ணை, குடிபூருறியளோ?" என்று றொய்சன் கத்தினான்.

"இருட்டாக் கிடக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆனா வெளியில எல்லாம் தெரியுது. றொய்சன், உன்ர மூக்கில இலையான் மொய்க்கிறது தெரியுது. நீ என்னைக் காணுறியோ?"

"இல்லை."

"நான் கையை ஆட்டுறன்."

"காணேல்லை அண்ணை."

"நாலு வருஷம்," என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "நாலு வருஷமடா."

சத்தம் கேட்டு டொறத்தி சின்ன உழவு மெஷினில் வந்து சேர்ந்தார். கொம்பை எண்ணினார். தன் சோயாவைத் தின்றவன் இவன்தான் என்று அடையாளம் சொன்னார். பிறகு அனுமதிக் கடதாசி எங்கே என்று கேட்டார். அருள்நாயகம் கூடாரத்திலிருந்து வெளியே வந்து, சட்டைப் பைக்குள்ளிருந்து அதை எடுத்தார். ஆல்பேட்டாக்காரனின் பெயரைத் தானே வெட்டிவிட்டு, றொய்சனின் முதுகில் வைத்துத் தங்கேஸ்வரியின் பெயரை எழுதினார். எழுதிய இடம் எல்லாருக்கும் கீழே இருந்தது. டொறத்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பேனையை வாங்கி, அந்தப் பெயரை வட்டமிட்டு, மேலே, முதலாவதாக ஓர் அம்புக்குறி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

"அந்த ஜன்னலடியில் வந்து கேட்ட ஒரே ஆள் இவர்தான்," என்றார்.

தங்கேஸ்வரி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு மானைத் துப்புரவாக்கத் தொடங்கினார். வகுப்பில் படத்தில் பார்த்தது. கையால் செய்வது இதுதான் முதல்தரம். ஆனால் ஆட்டு இறைச்சி வாங்கிப் பழகிய கைக்கு எது எங்கே இருக்கும் என்று தெரியும். வீரக்குட்டிக்குப் படம் அனுப்பச் சொல்லி றொய்சனிடம் போனைக் கொடுத்தார். பதில் உடனே வந்தது: "இரத்தம் காட்டாம அனுப்பு. மிளகாய்த் தூள் வறுக்கலாமா?"

"வறுக்கச் சொல்லு," என்றார் தங்கேஸ்வரி. "ஜன்னலைத் திறந்துபோட்டு வறுக்கச் சொல்லு. பதினாலாம் மாடி முழுக்கத் தும்மட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது அருள்நாயகம் வயலைக் கடந்து வந்துகொண்டிருந்தார். தன்னுடைய கூடாரத்தை நிலத்திலிருந்து கழற்றி, மடிக்கத் தெரியாதபடியால் விரிந்தபடியே தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்து பார்த்தால், கால் முளைத்த பத்தை ஒன்று நடந்து வருவதுபோல இருந்தது. காற்று அதைப் பிடித்து அங்குமிங்கும் இழுத்தது. அவரும் கூடவே போய்த் திரும்பி வந்தார்.

பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி," என்றார். "இதை எங்க வைக்கிறது?"

"பொறுங்க அண்ணை. கையைக் கழுவிட்டு வாறன்."

அவர் பொறுத்தார். கூடாரத்தைத் தலையில் தாங்கியபடியே, காற்று எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு.